ஆறாம் நம்பர் மலையில் கொட்டியது எது?

இலங்கை மலைநாட்டில் அட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்று. ஆறாம் நம்பர் மலையில், பறித்த கொழுந்தை நிறுக்கும் முதல் நிறுவைக்குக் கொஞ்சம் முன்னால், பறிப்பு நிரையில் நின்ற 17 பேரைக் கூட்டமாக வந்து கொட்டின. ஒன்பது பேருக்குத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே மருந்து கொடுத்து லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) அனுப்பினார்கள். எட்டுப் பேர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களில் மூன்று பேரை வார்டில் நிறுத்தினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. தோட்டத்து விபத்துப் புத்தகத்தில் ஒரே வரி: "குளவி கொட்டு – 17 பேர்." அடுத்த நாள் பத்திரிகையிலும் அதே வரிதான் வந்தது.

கொட்டியது குளவி இல்லை, மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பது இதைத்தான். எது கொட்டினால் என்ன, வலி ஒன்றுதானே என்று கேட்கலாம். முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது, ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் பார்க்க வேண்டியது, கூட்டை என்ன செய்வது என்ற முடிவு, மூன்றுமே இதற்கான பதிலைப் பொறுத்து மாறுகின்றன. இந்தச் சம்பவத்தில் மூன்றிலும் பிசகு நடந்தது. ஆட்களையும் தோட்டத்தையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எப்படித் தெரியும்

மலையில் நின்ற பெண்களிடம் கேட்டபோது "குளவிதாங்க, கருப்பா பெருசா வந்துச்சு" என்றார்கள். அந்த நேரத்தில் யாரும் நிறம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். சாட்சியம் உடம்பில் இருந்தது. தேனீயின் கொடுக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. மனிதத் தோலில் குத்தினால் திரும்பி வராது. தேனீ பறந்து போகும்போது கொடுக்கும் நஞ்சுப் பையும் அதை இயக்கும் தசையும் நரம்புமாகப் பிய்ந்து நம் தோலிலேயே நின்றுவிடும். குளவியின் கொடுக்கு வழவழப்பானது. குத்தும், உருவும், மறுபடி குத்தும்.

டிஸ்பென்சரியில் மருத்துவிச்சி அம்மா ஒரு பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி ஈரத்துணியில் துடைத்திருக்கிறார். துணியில் ஒட்டியிருந்தவை கறுப்பு முள்ளும் அதன் அடியில் அரிசிக் குருணையிலும் சிறிய வெள்ளைப் பையுமாக இருந்தன. கொண்டையிலும் தலைத்துணி மடிப்பிலும் சிக்கிச் செத்த பூச்சிகளை ஒரு பையன் வெறும் யோகட் கோப்பையில் போட்டு வைத்திருந்தான். ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டிய நீளம், புகை படிந்த மாதிரி மங்கலான இறக்கைகள், பலவற்றுக்கு வயிற்றின் நுனி பிய்ந்திருந்தது. மலைநாட்டில் லயத்துச் சுவர்ப் பொந்திலும் மரப் பொந்திலும் கூடு வைக்கும் சிறிய தேனீ (பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ) இதில் முக்கால்வாசிகூட இராது. உண்மையான குளவியில் இலங்கையில் அடிக்கடி கொட்டும் வெஸ்பா அஃபினிஸ் கறுப்பு உடம்பில், வயிற்றின் முன்பகுதியில் அகலமான மஞ்சள் பட்டை கொண்டது. கோப்பையில் அப்படி ஒன்றும் இல்லை.

இத்தனை விவரமும் தெரிய ஒரு யோகட் கோப்பை போதுமாயிருந்தது. எந்தத் தோட்டத்திலும் இதைச் செய்யலாம்.

மரமும் கூடும்

ஆறாம் நம்பர் மலையின் மேல் விளிம்பில் காடு தொடங்குகிறது. அந்த ஓரத்தில் வெள்ளைக்காரன் காலத்து டர்பன்டைன் மரம் ஒன்று நிற்கிறது. அதன் கிடைக் கிளைகளில் ஐந்து கூடுகள் தொங்கின. மலைத்தேனீ பொந்துக்குள் போகாது. திறந்த வெளியில், உயரத்தில், ஒரே ஒரு அடையைக் கட்டும். அடை ஒரு மீட்டர் அகலத்தைத் தாண்டுவதும் உண்டு. கூரையும் சுவரும் தேனீக்களின் உடம்புதான். பல அடுக்காக ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அடையைப் போர்த்தித் தொங்கும். அடை மூடிக்கிடப்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கரிய தோல் பை போலத் தெரியும்.

இப்படித் திறந்த வெளியில் குடியிருப்பவர்களுக்குக் காவல் பலமாக வேண்டும். குளவி கூட்டை நெருங்கினால் போர்வைத் தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்கிக் காட்டும். அடை முழுவதும் ஒரு அலை ஓடுவது போலிருக்கும். நேபாளத்தில் கஸ்ட்பெர்கர் குழு செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் இந்த அலையைக் கண்டு குளவிகள் விலகிப் போவதைப் படமெடுத்துக் காட்டினார்கள். இது முதல் எச்சரிக்கை. அடைக்கே சேதம் வந்தால் கூட்டமாகப் புறப்படும்.

அன்று எது புறப்பட வைத்தது? லயத்தில் சொன்னது, ஒரு பையன் கல்லெறிந்தான் என்று. பையனின் பெயரைக்கூடச் சொன்னார்கள். அவன் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தான், வரவுப் பதிவு இருக்கிறது. மரத்தடியில் கல் எதுவும் இல்லை. இருந்தது அடைத் துண்டுகள்: புழு அறைகளோடு பிய்ந்த, உள்ளங்கையளவு மெழுகுத் துண்டுகள், மரத்திலிருந்து காட்டுப் பக்கமாகச் சிதறிக் கிடந்தன. உள்ளே புழு இன்னும் வெள்ளையாக இருந்தது. தேன்பருந்து வந்து பிய்த்த அடை இப்படித்தான் கிடக்கும். அது தேனுக்காக வருவதில்லை, புழுவுக்காக வருகிறது. முகத்தில் செதில் போன்ற அடர்ந்த இறகு அதற்குக் கவசம். மேல் நிரையில் நின்ற ஓர் அம்மாயி "பருந்து ஒண்ணு கிளைக்குள்ள பூந்துச்சு" என்று சொன்னதை நான் போகும்வரை யாரும் கேட்டு வைக்கவில்லை. ஒரே ஒருவர் கண்ட சாட்சி என்பதால் இதை நிரூபணம் என்று எழுத மாட்டேன். அடைத் துண்டுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது கல்லெறிந்த கதையைவிட இதற்கு வலு அதிகம்.

பருந்து பறந்துவிட்டது. கோபத்தோடு கிளம்பிய தேனீக்களுக்குக் கீழே அசைந்துகொண்டிருந்தது 17 பேர்.

ஓட்டம்

ஒரு தேனீ கொட்டியதும் அந்த இடத்தில் எச்சரிக்கை வாசனை வெளிவருகிறது. தேனீக்களில் பொதுவாக இருப்பது ஐசோபென்டைல் அசிட்டேட், பழுத்த வாழைப்பழ மணம் உள்ளது. மலைத்தேனீயில் இதோடு இன்னொரு பொருளும், டெசினைல் அசிட்டேட், உண்டு. அது மெதுவாக ஆவியாவதால் குறி அதிக நேரம் நிற்கும். கொட்டு வாங்கிய இடத்தையே மற்றவையும் தேடி வருவது இதனால்தான். கையால் அடித்து நசுக்கினாலும் அதே வாசனை கிளம்பும்.

மலையில் நடந்ததை அந்த வரிசையிலேயே சொல்கிறேன். மேல் நிரையில் இருந்தவர்கள் கூடையோடு கீழே ஓடினார்கள். ஓடிய வழி கங்காணி நின்ற இரண்டாவது கூட்டத்தின் நடுவால் போனது. அதுவரை ஒரு கொட்டும் வாங்காத அந்தக் கூட்டத்துக்கு இவர்களோடு தேனீக்களும் போய்ச் சேர்ந்தன. கீழ் றோட்டில் யாரோ பச்சை இலையைக் குவித்துப் புகை போட்டார்கள். பெட்டித் தேனீக்காரர்கள் புகை போடுவது கூட்டின் வாசலில், தேனீக்கள் கிளம்புவதற்கு முன். ஏற்கெனவே கிளம்பி ஆளைத் துரத்திக்கொண்டிருப்பவற்றை றோட்டுப் புகை திருப்பி அனுப்பாது. அன்றும் அனுப்பவில்லை.

மேல் நிரையில் இரண்டு பேர் மட்டும் ஓடவில்லை. கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பைப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, தேயிலைச் செடிக்கு அடியில் முகம் குப்புறப் படுத்தார்கள். "எங்க பாட்டி காலத்துலேருந்து இப்படித்தாங்க செய்வோம், ஓடுனா விடாது" என்றார் அவர்களில் ஒருவர். இருவருக்கும் சேர்த்து விரல்விட்டு எண்ணும் கொட்டுகள்தான். இதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் கதவு மூடக்கூடிய மடுவமோ (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) வண்டியோ இருந்தால் முகத்தை மூடிக்கொண்டு நேராக அதற்குள் போவதே சரி. முதல் கொட்டு விழுந்து வாசனை ஏறிவிட்டால் படங்குக்கு அடியில் படுத்திருப்பதும் ஆபத்து. ஆனால் கட்டிடமே இல்லாத சரிவில், இன்னும் கொட்டு வாங்காத ஆளுக்கு, தடித்த படங்கு ஒரு கருவிதான்.

மூன்று நோயாளிகள்

இந்தச் சம்பவத்தில் படிக்க வேண்டிய பகுதி வார்டில் இருக்கிறது. தங்கிய மூவருக்கும் மூன்று வேறு பாதிப்பு.

முதலாவது கங்காணி, ஐம்பதைத் தாண்டியவர். மொத்தமே நான்கு கொட்டு. பத்து நிமிடத்துக்குள் உதடு தடித்து, குரல் கரகரத்து, கண் இருண்டு விழுந்தார். சில வருடங்களுக்கு முன் ஒரு முறை கொட்டு வாங்கி உடம்பெல்லாம் தடித்ததை அவர் மனைவி பிறகு சொன்னார். அவருக்கு நேர்ந்தது கடுமையான ஒவ்வாமை. நஞ்சின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒரு கொட்டே போதும். இதற்கு முதல் மருந்து அட்ரினலின். வளர்ந்தவருக்கு அரை மில்லிகிராம், தொடைத் தசையில், தாமதிக்காமல். டிஸ்பென்சரியில் முதலில் போட்டது பிரிட்டோன் என்ற ஒவ்வாமை ஊசியும் ஹைட்ரோகோர்ட்டிசோனும். இவை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அடைபடும் தொண்டையையும் விழும் இரத்த அழுத்தத்தையும் உடனே தூக்கி நிறுத்தாது. யாரோ 1990 என்ற எண்ணில் அம்புலன்சை அழைத்ததால், அதில் வந்தவர்கள் அட்ரினலின் கொடுத்த பிறகே அவர் கண்ணைத் திறந்தார். அட்ரினலின் தோட்டத்து அலுமாரியிலும் இருந்தது. "இதயத்துக்குக் கூடாது" என்ற பயத்தில் எடுக்கவில்லையாம். அந்தப் பயம் இந்த நாட்டுத் தோட்டங்களில் பரவலாக இருக்கிறது.

இரண்டாவது, மேல் நிரையில் தடுக்கி விழுந்த பெண், நாற்பது சொச்சம் வயது. இவருக்கு ஒவ்வாமை எதுவுமில்லை. வார்டில் நேர்ஸ் ஒருவர் கொடுக்கு எடுக்கும்போதே எண்ணி டிக்கெட்டில் (நோயாளியின் குறிப்பு அட்டை) "200+" என்று எழுதியிருந்தார். அன்று மாலை அவர் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள், வீட்டுக்கு விடுங்கள் என்று கேட்டார். பார்வைக்கு மூவரில் இவர்தான் நன்றாக இருந்தார். இரண்டாம் நாள் காலையில் சிறுநீர் பிளேன்டி (பால் சேர்க்காத தேத்தண்ணி) நிறத்தில் போனது, அளவும் குறைந்தது.

தேனீ நஞ்சின் உலர் எடையில் ஏறத்தாழ பாதி மெலிட்டின் என்ற சிறு புரதம். செல்லின் சவ்வைத் துளைப்பது அதன் வேலை. பொஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதியும் கூடச் சேர்ந்து தசை நாரையும் சிவப்பணுவையும் உடைக்கும். உடைந்ததில் கசியும் மையோகுளோபினும் ஹீமோகுளோபினும் சிறுநீரகத்தில் போய் அடைக்கும். ஐரோப்பியத் தேனீயில் ஒரு கொட்டுக்கு ஏறத்தாழ 140 மைக்ரோகிராம் நஞ்சு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வளர்ந்த ஒருவருக்கு உயிரை எடுக்கும் அளவு ஆயிரம் கொட்டுக்கு மேல் என்பார்கள். ஆனால் சில நூறு கொட்டுகளிலேயே சிறுநீரகம் நின்றவர்கள் மருத்துவ இலக்கியத்தில் நிறைய. முக்கியமாக, இது முதல் நாளே தெரிவதில்லை. நூற்றுக்கு மேல் கொட்டு வாங்கியவரை நன்றாக இருக்கிறார் என்று அனுப்பிவிடக் கூடாது. சிறுநீரின் நிறம், அளவு, இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் பழுதானால் கூடும் கழிவு), தசை நொதி ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இந்தப் பெண்ணைக் கண்டிக்கு மாற்றினார்கள். சில தடவை டயாலிசிஸ் ஆனது. சிறுநீரகம் திரும்பி வேலை செய்யத் தொடங்கியது.

டிஸ்பென்சரியில் ஒரு இழப்பு நடந்தது. மருத்துவிச்சி அம்மா கொடுக்கு எடுக்கத் தொடங்கியபோது, மற்றவர் ஒருவர் "நகத்தால் எடுத்தால் பை நசுங்கி நஞ்சு இறங்கும், பிளேடால் சுரண்டணும்" என்று நிறுத்தி, பிளேடு தேடப் போனார். 1996இல் விஷர் முதலானோர் லான்செட் இதழில் எழுதியது நேர் எதிரானது: கிள்ளி எடுத்தாலும் சுரண்டினாலும் வித்தியாசமில்லை, தாமதம்தான் நஞ்சைக் கூட்டுகிறது. பிய்ந்த கொடுக்கின் தசை தன்னாலேயே பிசைந்து முதல் அரை நிமிடத்துக்குள் பெரும்பகுதி நஞ்சை இறக்கிவிடும். ஆகவே கொடுக்கு எடுக்க வேண்டிய இடம் டிஸ்பென்சரி அல்ல, தேனீயிடமிருந்து தப்பிய முதல் நிழல். பக்கத்தில் நிற்பவர் கையால் வழித்துவிட்டாலே போதும். குளவி என்று நினைத்ததால் மலையில் யாரும் தோலைப் பார்க்கவேயில்லை.

மூன்றாமவர் ஓய்வு பெற்ற பிறகு கைகாசு வேலைக்கு (அன்றன்றே கூலி வாங்கும் வேலை) வந்தவர். முப்பது சொச்சம் கொட்டு, இரவில் நெஞ்சுவலி. ஈசீஜீயில் மாற்றம் இருந்தது. கொட்டுக்குப் பிறகு இதய நாளம் சுருங்கி வலி வருவது உண்டு. வயதானவர்களுக்கு ஒரு ஈசீஜீ எடுத்து வைப்பது நல்லது என்பதற்கு மேல் இவர் விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

தீப்பந்தம்

அடுத்த இரவு இளைஞர்கள் சாக்கில் எண்ணெய் ஊற்றி நீளக் கம்பில் கட்டி, தாழ்வான கிளையிலிருந்த இரண்டு கூடுகளை எரித்தார்கள். மற்ற மூன்றும் சில நாளில் கிளம்பிப் போயின. தோட்டம் நிம்மதியானது. அடுத்த பூப் பருவத்தில் அதே கிளையில் நான்கு கூடுகள்.

இதில் அதிசயமில்லை. மலைத்தேனீ ஒரே இடத்தில் வருடம் முழுக்க இருப்பதில்லை. பூ எங்கே இருக்கிறதோ அங்கே போகும், ஓய்ந்ததும் அடையைக் காலி செய்துவிட்டு வேறு வலயத்துக்குப் பறக்கும். இலங்கையில் இந்த இடப்பெயர்வையும் அதோடு சேர்ந்த, திசையும் தூரமும் சொல்லும் நடனத்தையும் நிக்கோலஸ் கோனிகரும் குத்ரூன் கோனிகரும் ஆராய்ந்து 1980இல் வெளியிட்டார்கள். அதற்கும் முன்னால், 1950களில் மார்ட்டின் லிண்டவர் இங்கே வந்து நம் தேனீக்களின் நடனத்தைப் பார்த்தார். 2000இல் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள், மரபணுக் குறிகளை வைத்து, பல மாதம் வெளியே இருந்துவிட்டுக் கூட்டங்கள் பழைய இடத்துக்கே திரும்புவதைக் காட்டின. வேலைக்காரத் தேனீயின் ஆயுள் அவ்வளவு இல்லை, அந்த இடத்தை எப்படி நினைவில் வைக்கின்றன என்பது சுவாரசியமான கேள்வி. தோட்டத்துக்கு வேண்டியது விடை மட்டும்: கூட்டை எரித்தால் கூடு போகும், கிளை இருக்கும். வழிக்கு நேர் மேலே இருக்கும் கிளையை, கூடு காலியான மாதத்தில் அறுப்பது எரிப்பதைவிடப் பயன் தரக்கூடும். பக்கத்து மரத்துக்குப் போகும் வாய்ப்பும் இருக்கிறது. அந்த மரம் பறிப்பு மலைக்கு மேலே இல்லாமலிருந்தால் அதுவே நல்லதுதான்.

தேனீ போனால் தேயிலை போகும் என்று கூட்டத்தில் ஒருவர் பேசினார். அது சரியில்லை. தேயிலைப் பூவுக்குப் பூச்சி வேண்டும், ஆனால் நாம் பறிப்பது கொழுந்து. தோட்டத்துக்கு மலைத்தேனீயால் நேர் வருமானம் ஒன்றுமில்லை. மேலே இருக்கும் காட்டு மரங்களுக்கும், லயத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் காப்பிக்கும் சவ்சவ்வுக்கும்தான் தேனீக்கள் வேண்டும். குடகு மலையில் ரொபஸ்டா காப்பியில் செய்து 2012இல் வெளிவந்த ஆய்வு பூவுக்கு அதிகம் வந்தது மலைத்தேனீதான் என்றது. காப்பி ஆதாயம் லயத்துக் குடும்பத்துக்கு, கொட்டும் அதே குடும்பத்துக்கு. தேனீயைக் காப்பாற்றச் சொல்பவர்கள் இதை மறந்து பேசினால் பிரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கும் இடம்) யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது

கூடு தொங்கும் மரங்களைத் தோட்டப் படத்தில் குறிப்பது, கூடு இருக்கும் மாதங்களில் அந்த மரத்தடி மலைக்கு ஆள் அனுப்பும் முன் ஒருவர் போய்ப் பார்ப்பது, புல்வெட்டும் மெஷினை அங்கே ஓட்டாமலிருப்பது ஆகிய மூன்றுக்கும் நிர்வாகம் ஒத்துக்கொண்டது. பார்க்கப் போகும் ஆளுக்குப் பேர் போடுவதா (அன்றைய சம்பளத்துக்குப் பதிவதா) என்பதில் இழுபறி. முகவலை கேட்டார்கள், வரவில்லை. விபத்துப் புத்தகத்தில் இப்போது கொடுக்கு தோலில் இருந்ததா, எத்தனை, எந்த மரம் என்று மூன்று கட்டம் பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது பெண்ணுக்காகத் தொழிற்சங்கம் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கோரிக்கை வைத்தது. சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருந்திருக்கலாம் என்பது மறுதரப்பின் வாதம். "குளவி கொட்டு – 17 பேர்" என்ற வரியால் அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பதிலாக இருந்தது நேர்ஸ் டிக்கெட்டில் எழுதிய எண்ணும், முதல் நாள் எடுத்த சாதாரணமான கிரியேட்டினினும். இரண்டின் பிரதியும் கோப்பில் சேர்ந்திருக்கின்றன. விசாரணை முடியவில்லை.